பிரவின் எங்கே என்று கேட்டவர்

தம்பானூர்
21 ஏப்ரல் 2025

அன்புள்ள சபீனா அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். இந்த வார்த்தையைப் பார்த்ததும் நீ கடிதத்தைக் கிழித்துவிடுவாயோ என்று பயம்தான். என்ன செய்ய, கை பழகிவிட்டது. கிழிப்பதாக இருந்தால் கடைசிப் பத்தியை மட்டும் படித்துவிட்டுக் கிழி.

என் நம்பரை நீ பிளாக் செய்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. சிபியின் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன், அதையும் பிளாக் செய்தாய். பாவம் சிபி. ஆட்டோ ஸ்டாண்டில் எனக்குப் பின்னால் வண்டி போடுகிறான் என்பதைத் தவிர அவன் உனக்கு என்ன கெடுதல் செய்தான்? கழக்கூட்டம் ஒன்றும் தூர தேசம் இல்லை. ஆனால் நீ வார்டனாக இருக்கும் ஹாஸ்டலில் ஆண்களுக்கு கேட்டோடு நிறுத்தம். அதனால்தான் இந்தக் காலத்தில் போய்த் தபால்தலை வாங்கினேன். போஸ்ட் ஆபீஸ் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

யூடியூபில் வந்த என் சாட்சியில் உன் பேரைச் சொன்னதுதான் கோபம் என்று நினைக்கிறேன். அதில் என்ன தப்பு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஒன்பது வருஷமாக நெய்யாற்றின்கரை, பாறசாலை, மார்த்தாண்டம் என்று எங்கே கூப்பிட்டாலும் நான் சொல்வது அதே கதைதான். அப்பா வேலைத்தளத்தில் பக்கவாதம் வந்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தார். அக்கா பக்கத்தில் இருந்தாள். நான் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் குடித்துவிட்டு விழுந்து கிடந்தேன். கடைசி மூச்சு வரை அப்பா, "பிரவின் எங்க, பிரவின் எங்க" என்று கேட்டுக்கொண்டே போனார். அடக்கத்தின்போது நீ அதை என் காதில் சொன்னாய். அன்றைக்கு விட்டேன் குடியை. இதில் உனக்கு என்ன அவமானம்?

இரண்டு உதவி வேண்டும். விடுமுறை வேதப் பள்ளியில் பெரிய பிள்ளைகள் வகுப்பைப் போதகர் என்னிடம் தள்ளிவிட்டார். தலைப்பு, குறையுள்ளவர்களைக் கர்த்தர் எடுத்துப் பயன்படுத்தினார். "நீதாம்பா அதுக்குப் பொருத்தமான ஆள்" என்றார். அது பாராட்டா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். நீ ஆறு வருஷம் ஓய்வுநாள் பள்ளி எடுத்தவள். யாரைச் சொல்வது, யாரை விடுவது என்று எழுதி அனுப்பு.

இன்னொன்று. மே 18 ஞாயிறு, சபைக் கன்வென்ஷன் கூட்டத்தில் என் சாட்சி. போன வருஷம் ஒருவர் துபாய் ஜெயிலில் கிடந்ததாகச் சாட்சி சொல்லி எல்லாரையும் அழ வைத்துவிட்டுப் போனார். பிறகு பார்த்தால் ஆள் பாறசாலையைத் தாண்டியதே இல்லை. அதனால் செயலாளர் ஷிஜு அண்ணன் ஒரு சட்டம் போட்டிருக்கிறார். சாட்சி சொல்கிறவரின் வீட்டார் ஒருவர் பக்கத்தில் நின்று, "ஆம், இது உண்மை" என்று மைக்கில் சொல்ல வேண்டும். எனக்கு வீட்டார் என்று நீ ஒருத்திதான் இருக்கிறாய்.

உன் தம்பி,
பிரவின்ராஜ்

கழக்கூட்டம்
26 ஏப்ரல் 2025

பிரவினுக்கு,

கிழிக்கவில்லை.

முதலில் பாடம். சிம்சோனை விட்டுவிடு, பிள்ளைகள் முடியைப் பற்றி மட்டுமே கேட்பார்கள். கிதியோனை எடு. எதிரிக்குப் பயந்து திராட்சை ஆலைக்குள் ஒளிந்துகொண்டு கோதுமை அடித்தவன். அங்கே வந்து நின்று தேவதூதன் அவனைப் பராக்கிரமசாலி என்று கூப்பிடுகிறான். பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும், பிறகு யோசிப்பார்கள். ராகாப் இருக்கிறாள். அவள் தொழிலைக் கேட்டால் "சத்திரம் நடத்தியவள்" என்று சொல்லித் தப்பித்துக்கொள். யெப்தாவைச் சொல்லாதே. வீட்டை விட்டு அண்ணன் தம்பிகள் விரட்டினார்கள், பிறகு சண்டைக்கு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள் என்பது வரை நன்றாகத்தான் இருக்கும். அதற்குமேல் அவன் வாயை அடக்காமல், ஜெயித்தால் வீட்டிலிருந்து முதலில் எதிரே வருவதைப் பலி கொடுக்கிறேன் என்று பொருத்தனை செய்து மகளைப் பறிகொடுக்கிறான். ஆறு வருஷத்தில் அந்தப் பாடத்தை என்னால் ஒழுங்காக முடிக்க முடிந்ததே இல்லை.

இன்னும் ஒன்று, கோபப்படாதே. நீ சாட்சி சொல்லும்போது வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கிறாய். முதல் வருஷம் அரை பாட்டில். இந்த வீடியோவில் இரண்டு முழு பாட்டில். குழி எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்குத் தூக்கிவிட்டவருக்கு மகிமை என்று நினைக்கிறாய் போலிருக்கிறது. வேதத்தில் இந்தக் கதைகளை எழுதியவர்கள் அப்படிச் செய்யவில்லை. நடந்ததை எழுதிவிட்டுப் போய்விட்டார்கள்.

என் ஹாஸ்டலில் திவ்யலட்சுமி என்று ஒரு பிள்ளை. போனை எடுத்துக்கொண்டு வந்து, "மேடம், இது உங்க பிரதரா?" என்று கேட்டாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நம் சபையும் இல்லை, மதமும் இல்லை. அப்பா கேட்டதாக நீ சொல்கிற அந்த ஒரு வரியில்தான் அழுதுவிட்டாளாம். உன்னை பிளாக் செய்தது அன்றைக்குத்தான்.

மே 18 வரமாட்டேன். காரணம் கேட்காதே.

சபீனா

தம்பானூர்
2 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம் எழுதவில்லை, கவனித்தாயா?

வேதப் பள்ளியில் முதல் ஐந்து நாள் முடிந்தது. முப்பத்திரண்டு பிள்ளைகள். வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. பாட்டை மலையாள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு தமிழில் பாடுகிறார்கள். கிதியோனுக்கு நீ சொன்னபடியே சிரித்தார்கள். ராகாபுக்குச் சத்திரம் என்றேன். "ஹோட்டலா அங்கிள்? அவங்க என்ன தப்பு செஞ்சாங்க?" என்று கேட்டார்கள். நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். யெப்தாவை நீ வேண்டாம் என்றாய், கேட்கவில்லை. ஒரு பிள்ளை எழுந்து, யெப்தாவின் மகள் ஓடிப் போயிருக்கலாமே என்று அழ ஆரம்பித்துவிட்டது. அன்றைக்கு பிஸ்கட்டைச் சீக்கிரமாகவே கொடுத்துவிட்டேன்.

நேற்று யாக்கோபு. எனக்குப் பிடித்தவன். கண் தெரியாத அப்பாவை ஏமாற்றி அண்ணனுக்குச் சேர வேண்டிய ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்டான், இருந்தாலும் கர்த்தர் அவனை விடவில்லை என்று நீட்டி முழக்கினேன். சிபியின் மகள் கையைத் தூக்கினாள். "அங்கிள், கள்ளம் பறஞ்ஞு வாங்ஙிச்ச பிளெசிங் வேலிட் ஆணோ?" பொய் சொல்லி வாங்கிய ஆசீர்வாதம் செல்லுமா என்று கேட்கிறாள். பொய் என்று தெரிந்த பிறகும் அந்த அப்பா ஏன் அதைத் திரும்ப வாங்கவில்லை என்றும் கேட்டாள். திங்கட்கிழமை சொல்கிறேன் என்றேன். போதகரைக் கேட்டேன். அவர், "சித்தம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நீ சொல்லு, செல்லுமா?

ஒரு சந்தோஷமான விஷயமும் உண்டு. என் சாட்சியை ஷிஜு அண்ணன் சின்னப் புத்தகமாக அச்சுக்குக் கொடுத்துவிட்டார், நானூறு பிரதி. அட்டையில் பெரிய எழுத்தில் "பிரவின் எங்கே?" கன்வென்ஷன் ஃப்ளெக்ஸும் ஸ்டேஷன் பக்கம் வைத்துவிட்டார்கள். அதில் எனக்கு டை கட்டிவிட்டிருக்கிறார்கள். நான் ஆயுளில் டை கட்டியதில்லை. ஸ்டாண்டில் எல்லாரும் இப்போது "சார்" என்கிறார்கள்.

கடைசிப் பக்கத்தில் உன் கையெழுத்து வேண்டுமாம். மேடைக்கு வராவிட்டாலும் அதையாவது கொடு. நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

பிரவின்

கழக்கூட்டம்
6 மே 2025

பிரவினுக்கு,

இதை உட்கார்ந்து படி. வண்டியில் இருந்தால் ஓரமாக நிறுத்திவிட்டுப் படி.

அப்பா உன்னைக் கேட்கவில்லை.

யாரையும் கேட்கவில்லை. வியாழக்கிழமை ஐ.சி.யூ.வில் சேர்த்தபோதே வாயில் குழாய் போட்டுவிட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் போகும்வரை அந்தக் குழாய் எடுக்கப்படவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை, பிரவின். கடைசியாகப் பேசியது வேலைத்தளத்தில். சிமென்ட் கலவையில் தண்ணீர் கூடிவிட்டது என்று யாரையோ திட்டினாராம். அதுதான் கடைசி.

ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டம் கல்லறைத் தோட்டத்துக்கு நீ வந்து நின்றாய். சட்டை முழுக்க மண். உன் மேல் அடித்த வாடையில் பெட்டி தூக்கியவர்கள் முகத்தைத் திருப்பினார்கள். எனக்கு மூன்று நாள் தூக்கம் இல்லை. நீ வரவே இல்லை என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். உன்னை ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. உன் காதில் குனிந்து அதைச் சொன்னேன். "அப்பா ஒன்னத்தான் கேட்டாரு. பிரவின் எங்க, பிரவின் எங்கன்னு கேட்டுட்டே போனாரு." உன்னைக் கொல்லத்தான் சொன்னேன். நீ பிழைத்துக்கொண்டாய்.

ஒரு மாதத்தில் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். நீ குடிக்காமல் இருந்தாய். ஒரு வருஷம் போகட்டும் என்று விட்டேன். நீ மேடை ஏறிவிட்டாய். சபையில் எல்லாரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அப்பாவோட வார்த்தை ஒரு ஆத்துமாவைக் காப்பாத்திட்டுதே" என்றார்கள். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாமல்தான் கோவிலுக்கு வருவதை நிறுத்தினேன். வேலை அதிகம் என்று உன்னிடம் சொன்னேன்.

செல்லுமா என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியவில்லை. அண்ணனைப் போல் முடி தட்டுப்படட்டும் என்று யாக்கோபின் கையில் ஆட்டுத்தோலைச் சுற்றிவிட்டது அவன் அம்மா ரெபேக்காள். அவனைப் பற்றி எல்லாரும் பாடம் எடுக்கிறார்கள். மகனை அனுப்பிவிட்டு அவள் வீட்டில் என்ன செய்தாள், எப்படித் தூங்கினாள் என்று யாரும் எழுதவில்லை. நான் ஒன்பது வருஷமாக அவளைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

குடிக்காதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன். பொய் என்றாலும் அந்த ஒன்பது வருஷம் நீ குடிக்காமல் இருந்தது நிஜம்தானே? நிஜமா? எனக்குக் குழப்பமாக இருக்கிறது. ஆனால் மைக்கில் வந்து "ஆம், இது உண்மை" என்று என்னால் சொல்ல முடியாது.

சபீனா

கழக்கூட்டம்
14 மே 2025

தம்பி,

எட்டு நாள் ஆகிவிட்டது. உன் நம்பரைத் திறந்துவிட்டேன். மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. சிபியைக் கூப்பிட்டேன். வண்டி மூன்று நாளாக ஸ்டாண்டுக்கு வரவில்லை என்றான். நேற்று நானே தம்பானூர் வந்தேன். உன் ரூம் பூட்டியிருந்தது. ஸ்டேஷன் பக்கம் ஃப்ளெக்ஸில் நீ டை கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாய். அதன் கீழே நின்று ஒரு ஆள், யாரென்றே தெரியாது, "வேண்டப்பட்டவரா?" என்று கேட்டார். ஏன் அழுகிறேன் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

இதை உன் கதவுக்கு அடியில் போடச் சொல்லி சிபியிடம் கொடுத்தனுப்புகிறேன். குடித்திருந்தாலும் பரவாயில்லை. திட்டியாவது எழுது.

அக்கா

தம்பானூர்
19 மே 2025

அக்கா,

குடிக்கவில்லை. நீ முதலில் அதைத்தான் தேடுவாய் என்பதால் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். பிவரேஜ் மதுக்கடை க்யூவில் நின்றேன், அது உண்மை. எனக்கு முன்னால் பதினொரு பேர். நான்கு பேர் ஆகும்வரை நின்றுவிட்டு மார்த்தாண்டம் பஸ் ஏறிவிட்டேன். அங்கே ஒரு தூரத்து உறவுச் சித்தி வீட்டில் கிடந்தேன். போனை வேண்டுமென்றுதான் எடுக்கவில்லை. உன்னைப் பயப்பட வைக்க வேண்டும் என்று கொஞ்சம் ஆசையாக இருந்தது. மன்னித்துக்கொள்.

நீ எழுதியது எனக்குப் புதிது இல்லை. இதை எப்படி எழுதுவது என்றுதான் இத்தனை நாள் தெரியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் நான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். குடித்துத்தான் வந்தேன், ஆனால் நீ சொன்ன மாதிரி அரை பாட்டில்தான். ஐ.சி.யூ. கதவில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்ததே, அது வழியாக எல்லாம் தெரிந்தது. அப்பாவின் தலை, அந்தக் குழாய், துணைக்கு இருப்பவருக்கான பைஸ்டாண்டர் ஸ்டூலில் நீ. பத்து நிமிஷம் நின்றிருப்பேன். கதவைத் தள்ளினால் திறந்திருக்கும். பிறகு ஓடிவிட்டேன். ஏன் ஓடினேன் என்று எழுத வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் விழுந்தது அதற்குப் பிறகுதான். இயேசுவைப் பிடித்துக்கொண்டு போனபோது பேதுருவாவது முற்றத்துக்குள் போய் நெருப்பருகில் உட்கார்ந்தான். நான் அதுகூட இல்லை.

அதனால் கல்லறைத் தோட்டத்தில் நீ சொன்னபோதே பொய் என்று எனக்குத் தெரியும். வாயில் குழாய் இருக்கிறவர் எப்படிக் கேட்பார்? தெரிந்தே எடுத்துக்கொண்டேன். வேறு எதுவும் என் கையில் இல்லை. சொல்லிச் சொல்லி, நாலைந்து வருஷத்தில் அப்பாவின் குரலே எனக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டது. யாக்கோபின் கண் தெரியாத அப்பா ஈசாக்குக்கும் சந்தேகம் இருந்தது அக்கா. குரல் வேறு மாதிரி இருக்கிறதே என்று கேட்கிறார். கேட்டுவிட்டும் கொடுக்கிறார். தெரிந்தே ஏமாறுகிறவர்களும் உண்டு போல.

நேற்று நீ இல்லாமல் தனியாகவே மேடை ஏறி, உண்மையில் நடந்ததைச் சொன்னேன். அப்பா கேட்கவில்லை, நான் கதவு வரை வந்துவிட்டு ஓடினேன் என்று. யாரும் அழவில்லை. முன்வரிசை அம்மா ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "இவரு வேற ஆளா?" என்று கேட்டது எனக்கே கேட்டது. ஷிஜு அண்ணன் மைக்கை வாங்கிப் பாட்டு ஆரம்பித்துவிட்டார். நானூறு புத்தகமும் கட்டுப் பிரிக்காமல் கிடக்கிறது. போதகர் என் தோளைத் தட்டினார். வெளியே சிபியின் மகள் நின்றாள். "அப்போ ஆ பிளெசிங், அங்கிள்?" என்று அந்த ஆசீர்வாதத்தைப் பற்றியே மறுபடி கேட்டாள். "தெரியாது மோளே" என்றேன். "இன்னைக்கும் குடிக்கல. அது மட்டும் தெரியும்." அவள் சரி என்று போய்விட்டாள். ஒன்பது வருஷத்தில் சாட்சி சொல்லிவிட்டு வெளியே வரும்போது எனக்குள் இப்படி வெறுமையாக இருந்ததில்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் கண்ணாடி அருகே நின்றபோது அப்பாவின் தலை லேசாக அசைந்தது. அவர் என்னைப் பார்த்தாரா? நீ பக்கத்தில் இருந்தாய். நீ என்ன சொன்னாலும் நம்புவேன்.

பிரவின்

கழக்கூட்டம்
23 மே 2025

அன்புள்ள பிரவின்,

இரண்டு தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். முதலாவதில், பார்த்தார் என்று எழுதினேன். கண்ணில் தண்ணீர் வந்தது என்றுகூட எழுதினேன். எழுதுவதற்கு எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா? நீ நம்பியிருப்பாய், நிம்மதியாக இருந்திருப்பாய், ஷிஜு அண்ணன் இன்னொரு புத்தகம் போட்டிருப்பார். படித்துப் பார்த்தபோது எனக்கே அது நடந்த மாதிரி இருந்தது. பயந்து கிழித்தேன்.

அப்பா உன்னைப் பார்க்கவில்லை. கட்டிலின் தலைமாடு கதவுப் பக்கம். அவர் முகம் ஜன்னல் பக்கம் இருந்தது, கண்ணும் திறக்கவில்லை. தலை அசைந்தது நர்ஸ் தலையணையைச் சரிசெய்ததால்.

ஆனால் என் ஸ்டூல் கால்மாட்டில் இருந்தது. நான் கதவைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தேன்.

நீலக் கட்டம் போட்ட சட்டை. கண்ணாடியில் உன் மூச்சு படிந்து படிந்து மறைந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாய். குடித்திருக்கிறாய் என்று தெரிந்தது, அழுகிறாய் என்றும் தெரிந்தது. நான் கையை அசைத்திருந்தால் போதும், நீ உள்ளே வந்திருப்பாய். அப்பாவின் காலையாவது தொட்டிருப்பாய். எனக்குக் கோபம். குனிந்து, சரியாகவே இருந்த போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். வெகுநேரம் சரிசெய்தேன். நிமிர்ந்தபோது கண்ணாடியில் யாரும் இல்லை. அதற்கு மறுநாள்தான் உன் காதில் அதைச் சொன்னேன், நீ வந்து நின்றது தெரிந்தே. முன்பு எழுதிய கடிதத்தில் பாதியைத்தான் ஒப்புக்கொண்டேன். இப்போது முழுவதும் எழுதிவிட்டேன்.

ஏன் ஓடினாய் என்று எழுத வரவில்லை என்கிறாய். அந்த ஒரு வரியை நான் பத்துத் தடவை படித்துவிட்டேன். ஒன்பது வருஷமாக இத்தனை மேடையில் உன் குடி, உன் வாந்தி, உன் கடன் எல்லாம் சொன்னாய். என்னைப் பற்றி, அக்கா பக்கத்தில் இருந்தாள் என்று மட்டும்தான் சொன்னாய்.

நான் உன்னைப் பார்த்துவிட்டதை நீ பார்த்தாயா, பிரவின்? நீ போனது, நான் போர்வைப் பக்கம் முகத்தைத் திருப்பியதற்கு முன்னாலா, பின்னாலா? அதை மட்டும் எழுது.

சபீனா